மூளைச் சுற்றை இயக்க நீலமா, சிவப்பா?

செட்டிநாட்டு வீட்டு வண்ணக் கண்ணாடி வழியே தரையில் விழும் நீலமும் சிவப்பும் தெளிவாகப் பிரிந்திருக்கும். நரம்பணுவுக்குள் அந்தப் பிரிவு அவ்வளவு சுத்தமில்லை. ஒளியால் நரம்பணுவை இயக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் முறையில், ஒரு நிற ஒளியால் தூண்டி, இன்னொரு நிற ஒளியால் அதன் செயல்பாட்டைப் படிக்க நினைக்கும் காரைக்குடி மாணவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சேனல்ரோடாப்சின்-2 பச்சைப்பாசியிலிருந்து வந்த ஆப்சின், அதாவது ஒளி பட்டால் திறந்து நரம்பணுவைத் தூண்டும் புரதம். 470 நானோமீட்டர் நீலத்தில் திறக்கும், வேகமாக மூடும். ஆனால் அதோடு ஜேஆர்ஜீகோ1ஏ என்ற சிவப்புக் கால்சியம் உணரியை (நரம்பணு செயல்படும்போது ஒளிரும் புரதம்) வைத்தால், நீல ஒளியே உணரியைப் பிரகாசமாக்கிவிடும். செயல்பாடே இல்லாமல் சிக்னல் தெரியும். ஆப்சின் இல்லாத, உணரி மட்டும் உள்ள எலியிலும் அதே நீல ஒளித் துடிப்புகளைக் கொடுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது ஒரு ஜோடி: தூண்ட கிரிம்சன்-ஆர் என்ற சிவப்பு ஒளி ஆப்சின், படிக்க ஜிகேம்ப் என்ற பச்சைக் கால்சியம் உணரி. கிரிம்சன்-ஆர் அதிகம் திறப்பது 590 நானோமீட்டரில். சிவப்பு ஒளி திசுவில் குறைவாகச் சிதறி ஆழம் போகும். சிக்கல், கிரிம்சன் நீலத்துக்கும் ஓரளவு திறக்கும். அதனால் ஜிகேம்ப்பைப் படிக்கும் நீல ஒளியை, மூளைக்குள் ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபரின் முனையில் 20-30 மைக்ரோவாட்டுக்குள் வையுங்கள். தூண்டலுக்கு 200 மைக்ரான் ஃபைபர், முனையில் 5-10 மில்லிவாட், 5 மில்லிசெகண்ட் துடிப்பு, 20 ஹெர்ட்ஸ் என்று தொடங்கலாம். ஒளியைத் தொடர்ந்து எரியவிட்டால் திசு சூடாகும். சூடே நரம்பணுவின் போக்கை மாற்றும். பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு ஃபைபரையும் பவர் மீட்டரில் அளந்து எழுதி வையுங்கள்.