ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் மூன்றாம் வகுப்பைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய கிராமமாக இருந்தால், பிள்ளையைக் கட்டணமில்லாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். தெருக்கோடியில் இரண்டு ஆசிரியர்களோடு ஓடும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பஸ் ஸ்டாப் பக்கம் எட்டாம் வகுப்பு வரை இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. கோயிலையோ தேவாலயத்தையோ ஒட்டி, அந்தக் காலத்துப் பெரியவர் யாரோ ஆரம்பித்து வைத்த அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. வேன் அனுப்பும் நர்சரிப் பள்ளிகளை இங்கே சேர்க்கவில்லை. அது வேறு பட்ஜெட், வீட்டில் வேறு சண்டை.

இந்த மூன்றிலும் அரசு கொடுப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தேடுவதே கஷ்டம். சமச்சீர்க் கல்வி 2010இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளிலும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளிலும் வந்ததிலிருந்து பாடநூல் ஒன்றுதான். மதியம் சத்துணவும் முட்டையும் மூன்றிலும் உண்டு. காலை உணவு 2022 செப்டம்பரில் சில அரசுப் பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சீருடை, புத்தகம், நோட்டு எல்லாம் இலவசம். ஆக, பள்ளிக்குப் பள்ளி மாறுவது உள்ளே இருக்கும் ஆட்களும் அவர்கள் எத்தனை பேர் என்பதும்தான்.

ஆனால் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் பார்ப்பது சுவரைத்தான். புதுப் பெயிண்ட், சுவரில் ரயில் பெட்டி ஓவியம், ஸ்மார்ட் போர்டு, ஆண்டு விழா வீடியோ. இவை இருந்தால் நல்லதுதான். ஒரு தலைமையாசிரியருக்கு ஊராரிடம் கேட்டு வாங்கும் சாமர்த்தியம் இருக்கிறது என்று இவற்றிலிருந்து தெரியும். பிள்ளை வாசிக்குமா என்பது தெரியாது.

ஆசிரியர் கணக்கு

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, அதற்கு மேல் 200 வரை ஐந்து. பிள்ளைகள் 150ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமையாசிரியரும் உண்டு. இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு 20 பிள்ளைகள். பல தனியார் பள்ளிகளில் கிடைக்காத விகிதம். ஆனால் ஐந்து வகுப்பு, ஐந்து வயதுப் பிள்ளை முதல் பத்து வயதுப் பிள்ளை வரை, இரண்டே பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குப் பதிவேடு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிடும் கூட்டம் எல்லாம் இருக்கிறது.

எனவே "எத்தனை ஆசிரியர்கள்?" என்று கேட்பதைவிட "இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், வராதவர் எங்கே?" என்று கேட்பது மேல். விடுப்பு ஒரு பக்கம். பயிற்சி, வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, மாற்றுப்பணி என்று பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பப்படுவது இன்னொரு பக்கம். ஆசிரியர்மேல் குற்றமில்லை. ஆனாலும் விளைவு பிள்ளைக்குத்தான்: இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால், அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி.

அடுத்த ஆண்டு எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். பள்ளி விவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் யூடைஸ் இணையதளத்தில் எந்தப் பள்ளியையும் மாவட்டம், ஒன்றியம் வாரியாகவோ 11 இலக்கக் குறியீட்டாலோ தேடி, வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள் என்று பார்க்க முடியும். ஐந்தாம் வகுப்பில் 18 பேர், ஒன்றாம் வகுப்பில் 6 பேர் என்று இருந்தால் அந்தப் பள்ளி சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் எண்ணிக்கையை நிர்ணயிக்கும்போது உபரி என்று காட்டப்படும் ஆசிரியர் பணிநிரவலில் வேறு ஊருக்குப் போவார். மூன்று ஆசிரியர்களை நம்பிச் சேர்த்த பள்ளியில் இரண்டு பேர் மிஞ்சுவது இப்படித்தான்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

சின்னத் தொடக்கப் பள்ளியைப் பற்றி ஊரில் சொல்லும் முதல் குறை, "மூணு கிளாஸையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சிருக்காங்க". உண்மைதான். ஆனால் சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் மாநில அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரை அப்படி உட்கார வைப்பது திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பிள்ளைகள் வகுப்பு வாரியாக இல்லாமல் கற்றல் நிலை வாரியாகப் பிரிகிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியாவிட்டால் அவன் அரும்புக் குழுவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பான். தரையில் வட்டமாக உட்கார்ந்து பாட்டு, அட்டை, பொம்மை என்று நடப்பதைப் பார்த்து "பாடமே நடத்தலை" என்று வெளியே வருகிறவர்கள் உண்டு. சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்ற பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை.

இந்த முறை பலன் தருவது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்திருந்தால்தான். சின்னப் பள்ளியின் பெரிய பலம் அங்கே இருக்கிறது. "மூணாம் வகுப்புல இன்னும் எத்தனை பேர் டீச்சர் அரும்புல இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். செல்போனைத் திறக்காமல் பெயர் சொல்லிப் பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. "எல்லாருமே மலர்தான்" என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

நடுநிலைப் பள்ளிக்குள் போனால் ஆசிரியர்கள் நிறையப் பேர் தெரிவார்கள். இங்கே ஏமாறும் வாய்ப்பு அதிகம். அதில் பட்டதாரி ஆசிரியர்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கானவர்கள். உங்கள் பிள்ளைக்கு ஐந்து வருடம் பாடம் எடுக்கப்போவது இடைநிலை ஆசிரியர்கள்தான். எட்டுப் பேர் கொண்ட பள்ளியில் ஒன்று முதல் ஐந்துக்கு மூன்று பேர் மட்டும் இருக்கலாம். அவர்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இருந்தால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆசிரியரா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அப்படித்தான். ஆங்கில வழி என்று சேர்த்த பிள்ளை பக்கத்து வரிசைப் பிள்ளையோடு சேர்ந்து அதே பாடத்தைத் தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை மூடிவைக்கும்.

நடுநிலைப் பள்ளிக்கு உண்மையான சாதகங்களும் உண்டு. ஒருவர் விடுப்பு எடுத்தால் வகுப்பு தத்தளிக்காது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழோடு அலைய வேண்டியதில்லை. அங்கன்வாடி அதே வளாகத்தில் இருந்தால், 2019 முதல் சில பள்ளிகளில் நடக்கும் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் அங்கே இருக்கிறதா என்று விசாரிக்கலாம். மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைக்கு அந்த இடம் பழகிவிடும்.

அரசு உதவி பெறும் பள்ளி தனி ரகம். சம்பளம் அரசு, நியமனம் நிர்வாகம். ஒரே நிர்வாகத்துக்குப் பல பள்ளிகள் இருந்தாலொழிய ஆசிரியர்கள் ஊர் ஊராக மாறுவதில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே டீச்சர் அ, ஆ சொல்லிக்கொடுத்த குடும்பங்களை இந்தப் பள்ளிகளில்தான் பார்க்க முடியும். அது வரமாகவும் அமையும், தலைவலியாகவும் அமையும். நல்ல ஆசிரியர் என்றால் முப்பது வருடம் நல்ல பள்ளி. சுமாரான ஆசிரியர் என்றால் அதே முப்பது வருடம். இங்கே கேட்க வேண்டியது, யாராவது ஓய்வுபெறப் போகிறார்களா, ஏற்கனவே காலியான இடம் நிரப்பப்பட்டதா என்பது. நிர்வாகம் ஆள் எடுத்து, அதற்குக் கல்வித் துறை ஒப்புதல் கொடுத்து, சம்பளம் வருவதற்குள் காலம் ஓடிவிடும். இடையில் நிர்வாகம் சொந்தப் பணத்தில் குறைந்த சம்பளத்துக்கு வைத்த ஆள் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். அப்புறம், உதவி பெறும் பள்ளி வளாகத்தில் ஆங்கில வழி இருந்தால், அது பல இடங்களில் சுயநிதிப் பிரிவு. பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தாலும் கட்டணம் வேறு, ஆசிரியர் சம்பளம் வேறு. எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

"உதவி பெறும் பள்ளியில போட்டா 7.5 சதவீத இடஒதுக்கீடு போயிடுமே" என்று ஒன்றாம் வகுப்பிலேயே கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவப் படிப்புக்கான அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்பது கணக்கில் வராது.

மூன்றாம் வகுப்பு ஏன்?

ஒன்றாம் வகுப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பாதிப் பிள்ளைகள் இன்னும் அம்மாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் வகுப்பைப் பார்த்தால் டியூஷனும் அக்கா அண்ணன் உதவியும் கலந்திருக்கும். மூன்றாம் வகுப்பின் பாதியில் இருக்கும் பிள்ளை அந்தப் பள்ளியின் இரண்டரை வருட உழைப்பைக் காட்டும்.

இதற்குப் பள்ளிக்குள்ளேயே போக வேண்டியதில்லை. நாடு முழுவதும் கிராமங்களில் நடக்கும் ஏசர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய்த்தான் பிள்ளைகளைச் சோதிக்கிறது: எழுத்து, சொல், ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. உங்கள் தெருவில் அந்தந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் நான்கைந்து பிள்ளைகள் கிடைத்தால் போதும். கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள். பின்வரிசைப் பிள்ளையும் வேண்டும்.

அவர்கள் பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். கேட்க அழகாக இருக்கும், பயனில்லை. இரண்டாம் வகுப்பு அளவுக்கு எளிதான, அவர்கள் பார்த்திராத சிறுவர் கதை ஒன்றைக் கொடுங்கள். அல்லது பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வரும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை நேராகச் சொல்லும்.

கணக்குக்கு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று விடை வந்தால், ஒன்றின் இடத்தில் பெரிய இலக்கமான 7இலிருந்து சின்ன இலக்கமான 2ஐக் கழித்துவிட்டான், கடன் வாங்குவது புரியவில்லை என்று அர்த்தம். ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் அது பிள்ளையின் பிரச்சினை. நான்கு பிள்ளைகளும் 35 என்றால் அது வகுப்பறையின் பிரச்சினை.

நோட்டையும் வாங்கிப் புரட்டுங்கள். எல்லாருடைய நோட்டிலும் ஒரே வாக்கியங்கள், பிழையே இல்லை, பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக் என்றிருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. கோணல் எழுத்தில் சொந்தமாக இரண்டு வரி, அதில் ல, ள, ழ குழப்பம், பக்கத்தில் ஆசிரியர் திருத்தியது, கீழே பிள்ளை மறுபடி எழுதியது என்று இருந்தால் அந்த அழுக்கு நோட்டுதான் நல்ல பள்ளியின் நோட்டு.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்று கேளுங்கள்: "ஸ்கூல்ல தண்ணி குடிப்பியா?" குடிக்க மாட்டேன் என்றால் கழிப்பறையைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை.

என் ஓட்டு

பிள்ளைகள் முப்பதுக்குக் குறையாமல், இரண்டு ஆசிரியர்களும் பெரும்பாலான நாட்கள் பள்ளியிலேயே இருந்து, மூன்றாம் வகுப்பு வாசித்துக் காட்டினால், மூன்றில் சின்னப் பள்ளிக்கே என் ஓட்டு. வீட்டுக்குப் பக்கம், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர், விட்டுப்போன எழுத்தைத் திரும்பப் பிடிக்க நேரம். பிள்ளைகள் இருபதுக்கும் கீழே போய், ஆசிரியர் ஒருவர் அடிக்கடி மாற்றுப்பணியில் இருந்தால், யோசிக்காமல் நடுநிலைப் பள்ளி. உதவி பெறும் பள்ளியை ஆள் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். காலியிடம் இல்லை, ஆசிரியருக்கு ஓய்வுபெற இன்னும் பல வருடம் என்றால் அதுதான் முதல் இடத்துக்கு வரும்.

விசாரிக்க ஜூன் முதல் வாரம் சரிப்படாது. அப்போது எல்லாப் பள்ளியும் மாணவர் சேர்க்கைப் பேரணியில் மும்முரம். முந்தைய ஆண்டு டிசம்பரிலோ பிப்ரவரியிலோ, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போங்கள். அப்போதும் வகுப்பறையில் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தால் நல்ல சகுனம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களில் ஒருவரைப் பிடித்து, கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். "கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க" என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி இரண்டிலும் கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் பார்த்து மயங்கிய டீச்சர் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்று நாசூக்காக விசாரித்துவிடுங்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர் என்றால் பெரும்பாலும் விண்ணப்பித்திருப்பார்.