சர்வதேச நீதிமன்றத்தின் நேரலை: இலவசம், ஆனால் பொறுமை வேண்டும்

மாவட்ட நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வாய்தா கேட்டுக் கேட்டுச் சலித்த காது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், அதாவது நாடுகளுக்கிடையிலான வழக்குகளைக் கேட்கும் ஐ.நா. நீதிமன்றம், தன் விசாரணைகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறது. கட்டணம் கிடையாது.

2025 ஜூலை 23 அன்று பருவநிலை மாற்றம் பற்றிய ஆலோசனைக் கருத்தை, அதாவது ஐ.நா. கேட்ட சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் சொல்லும் பதிலை, வாசிப்பதைப் பார்த்தேன். நம் நேரப்படி மாலை ஆறரைக்குத் தொடங்கியது. வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு முன்னின்று கிளப்பிய கேள்வி அது. முந்தைய டிசம்பரில் 96 நாடுகள் வந்து வாதாடியிருந்தன. தலைவர் இவாசாவா யுஜி ஏற்ற இறக்கமே இல்லாமல் சுமார் இரண்டு மணி நேரம் வாசித்தார். தூக்கம் வந்தது உண்மை. ஆனால் பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று 15 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எனக்குப் பிடித்தது எழுத்துப் பதிவுதான். வாதங்கள் சொல்லுக்குச் சொல் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சில் பேசியதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தனியாக வரும். தொழில் புத்தி, பிழை தேடினேன், சுத்தமான வேலை.

அதே ஊரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு; அது போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனிநபர்களை விசாரிப்பது. அங்கே ஒளிபரப்பு அரை மணி தாமதமாக வரும். சாட்சிகளின் அடையாளம் தவறி வெளியானால் வெட்டுவதற்காக. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சர்வதேச நீதிமன்றத்தின் நேரலையில் ஆங்கிலம், பிரெஞ்சு தவிர வேறு மொழி இல்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, ஐந்துக்கு நான்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் சுருக்கத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள்.