சைக்கிள் பெட்டியோடு மீனம்பாக்கத்தில் இறங்கினால்: ரயிலா, ஆம்னி பஸ்ஸா, காரா?

வெளிநாட்டிலிருந்து சைக்கிளை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால் ஆளாளுக்கு வகுப்பே எடுப்பார்கள். பெடலைக் கழற்று, டயரில் காற்றைக் குறை, பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள். எல்லாம் சரி. மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு, தென்காசி வரை மிச்சமிருக்கும் 600 கி.மீ.க்கு மேலான தூரத்தை அந்தப் பெட்டிகளோடு எப்படிக் கடப்பது என்று கேட்டால்தான் பதில் வராது. குற்றாலம், ஆரியங்காவு பக்கம் மிதிக்கலாம் என்று சிங்கப்பூரிலிருந்து இரண்டு சைக்கிள்களோடு கிளம்பிய நானும் மச்சானும், ரயில், ஆம்னி பஸ், வாடகைக் கார், உள்நாட்டு விமானம் என்று நாலையும் விசாரித்துவிட்டு பஸ்ஸில் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் பஸ் என்றுதான் சொல்வேன்.

தென்காசிக்குப் போகிறவர் திருவனந்தபுரத்தில் இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கிருந்து 100 கி.மீ.க்குச் சற்றே கூடுதல். ஒரு கார் பிடித்தால் வேலை முடிந்தது. அந்த டிக்கெட் கட்டுப்படியாகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. சென்னையில்தான் இறங்கியாக வேண்டும் என்கிறவர்களுக்கே இது.

பெட்டியின் அளவைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் புது சைக்கிள் வரும் அட்டைப்பெட்டிதான்: நீளம் 140 செ.மீ., உயரம் 80, அகலம் 22. பார்க்க அசல் பெரிய டிவி பெட்டி மாதிரியே இருக்கும். 2013 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டு டிவிக்குத் தீர்வை உண்டு என்பதால் சுங்கத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் சக்கரம் தெரிந்ததும் விட்டுவிடுவார்கள்.

வெளியே வந்ததும் கண்ணில் படுவது மெட்ரோ. அது வடக்கே போகிறது, நமக்கு வேண்டியது தெற்கு. தென் மாவட்டப் பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கம் வரையிலான 15.46 கி.மீ. நீட்டிப்பு இன்னும் ஓடத் தொடங்கவில்லை. எதிரே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. மின்சார ரயிலின் வெண்டர் பெட்டியில் காய்கறிக் கூடைகளோடு சைக்கிள் பெட்டியையும் ஏற்றிவிடலாம் என்று தைரியசாலிகள் சொல்வார்கள். இரண்டு பெட்டிகளைப் படியில் இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு அவர்களே மறுபடி சொல்லட்டும். விமான நிலைய வாசலிலேயே சைக்கிளைப் பொருத்தி ஜி.எஸ்.டி. சாலையில் மிதிக்கலாம் என்ற யோசனையும் உண்டு. நேரமிருந்தால் செய்யலாம். சாயங்கால ஜி.எஸ்.டி. சாலையில் செய்யாதீர்கள்.

ஆக, ரயிலோ பஸ்ஸோ, அதுவரை கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். இங்கே பலரும் சறுக்குவது செடான் டாக்சியில். பாதி டாக்சிகளின் டிக்கியை சி.என்.ஜி. சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். பெட்டி என்ன, பெரிய சூட்கேஸே நுழையாது. அடுத்து எல்லாரும் சொல்வது இனோவா. இனோவா பெரிய வண்டிதான், ஆனால் கிரிஸ்டாவின் கடைசி சீட்டுகள் இரண்டு பக்கமும் மடிந்து தூக்கி நிற்கும். நடுவில் அகலம் குறைந்துவிடும். எங்களுக்கு எர்டிகாதான் கைகொடுத்தது. அதில் கடைசி வரிசை தரையோடு தட்டையாக மடங்கும். நடுவரிசையின் பெரிய பாதியையும் சாய்த்துவிட்டால் இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடலாம். ஒருவர் டிரைவர் பக்கத்தில், ஒருவர் மிச்சமிருக்கும் ஒற்றை சீட்டில். செயலியில் பதிவு செய்த டாக்சி அடுக்குமாடி கார் நிறுத்தத்துக்குத்தான் வரும். பெட்டியை டிராலியில் குறுக்கே வைத்தால் எந்த வாசலிலும் நுழையாது; நீளவாக்கில் வைத்து ஒருவர் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

இப்போது ரயில். காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி, காலையில் தென்காசி வழியாகச் செங்கோட்டையில் போய் நிற்கிறது. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். ஆனால் பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமான் 100 x 60 x 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், மூன்றாம் ஏ.சி.யில் அதைவிடவும் சிறியதாக. நம்முடையது நீளத்திலேயே அடிபட்டுப் போகிறது. அதனால் சாமான் ஏற்றும் பிரேக் வேனில்தான் போட வேண்டும். பார்சல் ஆபீஸில் டிக்கெட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ என்று பதிவு செய்தால் நாம் போகும் ரயிலிலேயே வரும். ‘பார்சல்’ என்று பதிவானால் எந்த ரயிலில் வருமோ, அது அவர்கள் சௌகரியம். ரயிலில் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

இறங்கும் இடம் இன்னொரு விஷயம். தென்காசியில் ரயில் நிற்பது சில நிமிடம். பிரேக் வேன் ரயிலின் கோடியில் இருக்கும், நாம் நடுவில் எங்கோ இருப்போம். நாம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்தியிருப்பார்கள். தென்காசிக்குப் போனாலும் செங்கோட்டைக்கே பதிவு செய்வது நல்லது. எட்டு கி.மீ. தள்ளிப் போனாலும் ரயில் அங்கே முடிகிறது, பொறுமையாக இறக்கிக்கொள்ளலாம். இதே காரணத்தால்தான் பொதிகை தாம்பரத்தில் நின்றாலும் அங்கே ஏற்றுவதை நினைக்க முடியாது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் நெரிசலில் எழும்பூருக்கே போக வேண்டும், ரயில் கிளம்புவதற்குக் குறைந்தது அரை மணி முன்பாவது பெட்டி கவுண்டரில் இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைய திட்டம் காலி.

தாம்பரத்திலிருந்தே புறப்படும் செங்கோட்டை ரயில் ஒன்றும் 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. திருவாரூர், காரைக்குடி, அருப்புக்கோட்டை என்று சுற்றிக்கொண்டு போகும், வாரத்தில் சில நாள்தான். தாம்பரம் விமான நிலையத்துக்குப் பக்கம், ரயிலும் அங்கேயே புறப்படுவது. பிரேக் வேனில் ஏற்ற இது நன்றாக அமையும் என்று தோன்றுகிறது. நான் அதில் போனதில்லை. நாள் பொருந்துகிறவர்கள் முயன்று பார்க்கலாம்.

பஸ்ஸை நான் தேர்ந்தெடுத்ததற்குப் பணமோ நேரமோ காரணமில்லை. பெட்டியை அடுத்தவர் தூக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேனா என்பது ஒன்றுதான் கணக்கு. சைக்கிளுக்கு அடிபடுவது ஓடும் வண்டியில் இல்லை, ஏற்றி இறக்கும்போதுதான். பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒரே ஒரு போடலில் வளைந்துவிடும். வளைந்தால் மலையேறும்போது மிதிக்க லேசான கியர் விழாது, அல்லது சங்கிலி சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கும். அந்த மாடலுக்கான ஹேங்கர் தென்காசியில் கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கின் ரோட்டரும் இப்படித்தான், கழற்றித் தனியாக வைக்காவிட்டால் மேலே பாரம் ஏறியதும் வளையும். விமானத்தில் இரண்டு மூன்று கை ஏற்கெனவே பட்டிருக்கும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ரயிலில் பார்சல் ஆபீஸ், தள்ளுவண்டி, வேன், மறுபடி தள்ளுவண்டி என்று இன்னும் நாலு தடவை. பாதியில் நாம் இல்லை. பஸ்ஸில் ஏற்றுவது ஒரு தடவை, இறக்குவது ஒரு தடவை. இரண்டுக்கும் நாமே சாட்சி. பெட்டியின் ஒரு முனையை நாமே பிடிக்கவும் செய்யலாம்.

அதுவும் கிளாம்பாக்கத்தில் ஏறுவதில் ஒரு லாபம் இருக்கிறது. தெற்கே போகும் ஆம்னி பஸ்களின் டிக்கியில் பயணிகளின் பைகளைவிட வியாபாரப் பார்சல்தான் அதிகம்: துணி மூட்டை, உதிரிபாகம், மருந்துப் பெட்டி. ஊருக்குள்ளேயே ஏறினால் நம் பெட்டி அடியில் போய்விடும், அதன்மேல் மற்றதெல்லாம் ஏறும். கிளாம்பாக்கத்துக்கு வரும்போது பார்சலில் பெரும்பகுதி உள்ளே போயிருக்கும். நம்முடையது கடைசியாக, மேலே. அதற்குப் பிறகு பரனூர் சுங்கச்சாவடி வரை ஆள் ஏறுவார்கள், மூட்டை பெரிதாக ஏறாது. 2023 டிசம்பர் இறுதியில் அந்தப் பஸ் நிலையம் திறந்தபோது, இவ்வளவு தூரமா என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். விமானத்தில் வருகிறவனுக்கு அதுவே வசதியாகிவிட்டது, ஊருக்குள் போகாமல் நேரே தெற்கே போய் ஏறிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. டிக்கெட் போடுவதற்கு முன் பஸ் ஆபீஸுக்கு போன் செய்து, 140 செ.மீ. பெட்டி இரண்டு என்று சொல்லி, டிக்கியில் இடம் உண்டா என்று கேளுங்கள். ‘சைக்கிள்’ என்று மட்டும் சொன்னால் முழு சைக்கிளை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்பார்கள். பண்டிகை நேரமென்றால் எப்படிச் சொன்னாலும் வேண்டாம் என்பார்கள். கூலியைக் கிளீனரிடமும் டிரைவரிடமும் நேரில் பேச வேண்டியிருக்கும். பெட்டிக்கு 300, 500 என்று கேட்பார்கள், ரசீது கிடைக்காது. எங்கள் பஸ்ஸின் கிளீனர் பெட்டியை ஒரு தட்டு தட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, டிவியா? எத்தன இன்ச்சு?” என்றார். சைக்கிள் என்றதும், “சைக்கிளையா பிளைட்டுல கொண்டாந்தீய?” என்று சிரித்துவிட்டு, அவரே மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணினார்.

பெட்டியைச் சாலையோரம் திறக்கும் இடது பக்க டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். வலது பக்கம் வைத்தால், விடியற்காலையில் இறங்கும்போது லாரி வரும் பக்கம் நின்று இழுக்க வேண்டும். கியர் இருக்கும் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். அதைப் பெட்டியின் மேல் தடித்த மார்க்கரில் தமிழிலேயே எழுதிவிடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டை கட்டாயம். டிக்கெட்டும் கூலியும் சேர்த்து இருவருக்கும் 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இதற்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. பஸ்காரர் கடைசி நிமிடத்தில் முடியாது என்றால் கேட்க ஆளில்லை. வாய்ப்பேச்சைத் தவிர கையில் ஒன்றும் இருக்காது. அப்படி நடந்தால் கிளாம்பாக்கத்தில் அடுத்தடுத்து வேறு பஸ்கள் நிற்கும் என்பதுதான் என் தெம்பு. இரண்டு பெட்டி வரை இது சரி. நாலு பேர், நாலு பெட்டி என்றால் டிக்கியில் என்ன சொல்வார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன்.

நாலு பேர் என்றால் கார்தான். ஒருவழிக்கு நாங்கள் விசாரித்தபோது சுங்கம், பேட்டா சேர்த்து 13,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் வரவில்லை; நாலாகப் பிரித்தால் அது பெரிதில்லை. பெட்டியை வேறு யாரும் தொடமாட்டார்கள். ஆனால் நாலு பேர் உட்கார்ந்தால் பெட்டிகள் கூரைக் கேரியருக்குத்தான் போகும். குற்றால சீசன் என்றால் தென்காசியை நெருங்கும்போதே சாரல் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலேயே மழை. நனைந்த அட்டைப்பெட்டி தூக்கும்போது அடியில் பிளந்துகொள்ளும். நல்ல தார்ப்பாய் இல்லாத கேரியர் வண்டியை எடுக்காதீர்கள். இரவு முழுக்க ஒரே டிரைவர் ஓட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. பகலில் கிளம்ப முடிந்தால் நல்லது.

உள்நாட்டு விமானத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போனாலும் அங்கிருந்து மறுபடி கார் வேண்டும். தனி டிக்கெட்டாக எடுத்தால் பொதுவாக 15 கிலோதான் இலவசம். ஏ.டி.ஆர். மாதிரிச் சின்ன விமானத்தில் பெட்டிக்கு இடமில்லை என்று அடுத்த விமானத்தில் அனுப்புவதும் உண்டு என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நான் அதில் சைக்கிள் ஏற்றியதில்லை.

திரும்பி வரும்போது நாங்கள் பஸ் பிடிக்கவில்லை, ரயிலில் வந்தோம். அந்தத் திசையில் ரயிலின் குறைகள் பாதி காணாமல் போகின்றன. செங்கோட்டையில் கூட்டமில்லாமல், மத்தியானமே போய்ப் பதிவு செய்யலாம். எழும்பூரில் அதுவே கடைசி ஸ்டேஷன், காலை நேரம், ராத்திரி விமானம் வரை அவசரமில்லை. பஸ்ஸில் வந்திருந்தால் விடியற்காலையில் பரனூர் தொட்டு ஊர்ந்துகொண்டிருப்போம். திரும்புவதற்குப் பெட்டி வேண்டுமே என்பதை மட்டும் போகும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். லாட்ஜில் அறை பேசும்போதே மடித்த அட்டைப்பெட்டியை வைக்க மாடிப்படிக்கு அடியில் இடம் கேட்டு வாங்கிவிடுங்கள். தூக்கிப் போட்டுவிட்டால் உள்ளூர் சைக்கிள் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிள்ளைகள் சைக்கிளின் பெட்டி. இரண்டை வெட்டி ஒட்டித்தான் ஒரு சைக்கிளுக்குத் தேற்ற வேண்டும்.