டைம்அவுட்: வெறும் எண்ணா, டியூரேஷன் வகையா?

நிரலில் டைம்அவுட் (எவ்வளவு நேரம்வரை காத்திருப்பது என்ற வரம்பு) 30 என்று ஒரு வரி. முப்பது விநாடியா, மில்லிவிநாடியா? பைத்தானின் ஸ்லீப்புக்கு விநாடி, ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட்டுக்கு மில்லிவிநாடி, இரண்டிலும் மாறி மாறி எழுதுகிறவர் என்றாவது ஒருநாள் தவறுவார், டெஸ்ட்டும் அதைப் பெரும்பாலும் பிடிக்காது.

வெறும் எண் எழுதச் சுலபம், சரி. மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு அதுவே போதும்.

டியூரேஷன் போல, கால அளவுக்கென்றே உள்ள தனி வகையில் அலகு மதிப்போடு சேர்ந்தே வருகிறது. ரஸ்ட்டின் டியூரேஷன், சி பிளஸ் பிளஸ் 11-இன் க்ரோனோ இரண்டிலும் வெறும் 5 கொடுத்தால் கம்பைல் ஆகாது. கோ மொழியில் மட்டும் ஓர் ஓட்டை: அங்கே டியூரேஷன் என்பது உள்ளே நானோவிநாடி எண்தான், அதனால் ஸ்லீப்புக்கு 5 என்று எழுதினால் சத்தமில்லாமல் 5 நானோவிநாடி ஆகிவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, 'வரம்பே இல்லை' என்பதை எப்படிச் சொல்வது என்பதுதான். யூனிக்ஸின் poll அழைப்பில் -1 என்றால் முடிவில்லாமல் காத்திரு, 0 என்றால் உடனே திரும்பு. கோவின் எச்டிடிபி கிளையண்ட்டிலோ அதே 0-க்கு வரம்பே கிடையாது என்று பொருள், நேர் எதிர். ரஸ்ட்டின் டிசிபி ஸ்ட்ரீமில் ரீட் டைம்அவுட்டுக்கு வரம்பு வேண்டாமென்றால் None (எதுவுமில்லை) என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும், 0 கொடுத்தால் பிழை. இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. புதிதாக லைப்ரரி எழுதுகிறவர்கள் தயவுசெய்து முதல் வெளியீட்டிலேயே டியூரேஷனை எடுங்கள். ஜாவாவுக்கு அந்த வகை 2014-இல் வந்தும், த்ரெட் ஸ்லீப் அதை ஏற்க 2022 வரை ஆனது.