மெக்னீசியம் மாத்திரை: மூன்று மாத அனுபவம்

நெஞ்செரிச்சலுக்கு ஆறு வருடமாக ஒமிப்ரசோல், வயிற்று அமிலத்தை அடக்கும் மருந்து. அப்புறம் ராத்திரியில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் குறைவு. இந்த வகை மருந்தை நெடுநாள் எடுத்தால் இப்படி ஆகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011லேயே எச்சரித்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மெக்னீசியம் மாத்திரையில் பல வகை உண்டு. முதலில் வாங்கியது மெக்னீசியம் ஆக்சைடு. வயிறு பிய்த்துக்கொண்டு போனது. சரி என்று மெக்னீசியம் கிளைசினேட்டுக்கு மாறினேன். மாத்திரை கட்டைவிரல் நகம் அளவு. உடைத்துத்தான் விழுங்குகிறேன், உடைந்த ஓரம் தொண்டையை உரசும். ஆனால் வயிறு சமர்த்தாக இருக்கிறது, மூன்றாவது வாரத்தில் சதைப்பிடிப்பும் விட்டது.

கால்சியம் மாத்திரையிலும் வகை பார்க்கவேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நமக்கோ அதை மருந்தே அடக்கிவிட்டது. அதனால் கால்சியம் சிட்ரேட். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெக்னீசியத்தைத் தொடவேண்டாம்.