வெள்ளியை எடைக்கு, வெண்கலத்தை ஏனமாக: மச்சில் கிடப்பதை எங்கே விற்பது?

வீட்டைக் காலி செய்யும்போதோ பாகம் பிரிக்கும்போதோ மச்சிலிருந்து இறங்கும் சாமான்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே கடையில் போடுவதுதான் பெரிய நஷ்டம். வெள்ளிக்கு அதிலுள்ள உலோகத்துக்குத்தான் விலை. வெண்கல உருளிக்கோ அது உருளியாக இருப்பதற்கே விலை. எவர்சில்வருக்கு இரண்டு விதத்திலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதனால் முதலில் தரம் பிரியுங்கள், கடை பிறகு.

வெள்ளி: நகைக்கடை மாற்றா, உருக்கி ரொக்கமா?

நெல்லை டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டையிலும் இரண்டு வழியும் உண்டு. நகைக்கடையில் பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தால், பழைய வெள்ளிக்குச் சொல்லும் விலை கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும்.

அரைக் கிலோ குடம், 80 டச் (நூறில் 80 பங்கு வெள்ளி) என்று வைத்துக்கொள்வோம். அதில் சுத்த வெள்ளி 400 கிராம். கணக்குக்கு வசதியாக கிராம் 100 ரூபாய் என்றால் மதிப்பு 40,000. கடை அதை முழுசாகவே வரவு வைக்கிறது என்று கொள்ளுங்கள். புதுப் பொருளுக்குச் செய்கூலி 12 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம் என்றால், 40,000 ரூபாய்க்குக் கையில் வருவது ஏறக்குறைய 347 கிராம். புதுசு 92.5 டச் பொருளாக இருந்து, சுத்த வெள்ளி விலையே போட்டிருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளி 320 கிராம்தான். ரொக்கத்துக்கு வாங்குபவர் உருக்குச் சேதமும் லாபமுமாக 3 சதவீதம் பிடித்தாலும் 38,800 கையில் நிற்கும். புதுக் குத்துவிளக்கு உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் மாற்று. வரியில் ஒரு நுணுக்கம்: தனிநபர் பழைய வெள்ளியை விற்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் மாற்றும்போது புதுப் பொருளின் முழு விலைக்கும் வரி உண்டு, வித்தியாசத் தொகைக்கு மட்டும் அல்ல.

டச் பார்ப்பதில்தான் தகராறே. மிஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். அமிலத்தில் போட்டு வெளுத்த பொருளில் மேற்பரப்பில் செம்பு குறைந்து வெள்ளி கூடிவிடும். அதனால் உள்ளே இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பற்றவைத்த இடத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும். உடம்பு, அடி, பற்று என மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் உருக்கித்தான் பார்ப்பேன் என்றால் அது அநியாயம் இல்லை. உருக்கும் கூலி எவ்வளவு, விலை படியாவிட்டால் கட்டியைத் திருப்பித் தருவாரா என்பதை மட்டும் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். குங்குமச் சிமிழ், கைப்பிடி இவற்றுக்குள் அரக்கு இருக்கலாம். சாமி மண்டபத்திலும் பலகையிலும் தகட்டுக்குள் மரம் இருக்கும். அதையெல்லாம் சேர்த்த எடையை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரில் கழுவிக் கொண்டுபோங்கள். அழுக்குக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்க இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வியாபாரியால் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பெரிய தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பது அதனால்தான். பாஸ்புக்கும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒரு தண்ணீர்ச் சோதனை

ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் காட்டிக்கொடுக்கும். பொருளை எடை போடுங்கள். பிறகு அடுக்களைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, பொருளை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசில் ஏறும் கிராம்தான் அது விலக்கும் மில்லி. 210 கிராம் பொருள் வெள்ளி என்றால் சுமார் 20 ஏறும், ஜெர்மன் சில்வர் என்றால் சுமார் 24. உள்ளே காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும். 200 கிராமுக்குக் குறைந்த பொருளுக்கும் மூடிய குழல் உள்ள விளக்குக்கும் இது சரிவராது.

இதே சோதனை ஈயச்சொம்புக்கு இன்னும் முக்கியம். ரசம் வைக்கும் அந்தச் சொம்பு வெள்ளீயம். கிலோ விலையில் செம்பையும் தாண்டும் உலோகம் அது. பழைய இரும்புக் கடையில் அதை அலுமினியத்தோடும் காரீயத்தோடும் போட்டு நிறுப்பது சர்வசாதாரணம். எடையை மில்லியால் வகுத்தால் வெள்ளீயத்துக்கு 7.3 வரும், அலுமினியத்துக்கு 2.7, காரீயத்துக்கு 11.3. எட்டு, ஒன்பது என்று வந்தால் காரீயம் கலந்திருக்கிறது. விலையும் விழும், அதைச் சமையலுக்கு என்று யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

வெண்கலமும் பித்தளையும்: மூன்று வாசல்

பாத்திரக்கடை மாற்றில் இரண்டு விலையைச் சேர்த்துக் கேளுங்கள்: பழசு கிலோ என்ன, புதுசு கிலோ என்ன. இடைவெளிதான் உண்மையான செலவு. உள்ளே ஈயம் பூசிய போணிக்கும் இரும்பு வளையம் மாட்டிய அண்டாவுக்கும் கழிவு உண்டு. எடைக்குத்தான் போடுகிறோம் என்று முடிவானால் வளையத்தை நீங்களே கழற்றிவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்ல வேண்டும். கலந்து நிறுத்தால் மலிவானதன் விலைதான் மொத்தத்துக்கும் விழும். தெருவில் வரும் வண்டி, பேரீச்சம்பழக் காலத்திலிருந்தே, தராசு தெரியாதவர்களுக்கானது.

மூன்றாவது வாசல்தான் நல்ல வாசல்: பயன்படுத்துகிறவருக்கே விற்பது. பொங்கல்படிக்கு (மகளுக்குப் பிறந்த வீடு கொடுக்கும் பொங்கல் சீர்) வெண்கலப் பானை தேடும் வீடுகள் மார்கழியில் கிடைக்கும். கனமான பழைய பானை, உருளி, கும்பா இவற்றுக்கு எடை விலைக்கு மேலேயே கேட்கலாம். பெரிய அண்டா, சருவம், கொப்பரை எல்லாம் வாடகைப் பாத்திரக் கடைக்கும் சமையல் காண்ட்ராக்டருக்கும் போகும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஓடுகிற சாமான் அது. முகூர்த்த மாதத்துக்குச் சற்று முன்னால் பேசினால் விலை படியும். வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். வெண்கலம் நீண்டு ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று அடங்கினால் விரிசல் என்று அர்த்தம், பிறகு எடைக்குத்தான். ஏற்றி இறக்கும்போது சாக்கு சுற்றுங்கள். பித்தளை விழுந்தால் நசுங்கும், வெண்கலம் விழுந்தால் உடையும்.

பழமைக்கு விலை வரும் என்று தோன்றினால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உண்டு. பாவை விளக்கு, சிலை போன்றவை நூறு ஆண்டைத் தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். வியாபாரிக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனிநபர் அனுப்ப முடியாது.

மிச்சம்

எவர்சில்வரில் பிரிக்காத கல்யாண அன்பளிப்புகளை யாருக்காவது கொடுத்துவிடலாம். எடைக்குப் போட்டால் காந்தம் ஒட்டாதது ஒட்டுவதைவிடக் கொஞ்சம் கூடப் போகும். குக்கரில் ரப்பரையும் கைப்பிடியையும் கழற்றிவிட்டு அலுமினிய விலை கேளுங்கள்.

ஆன்லைனில் போடுவதானால் படத்தில் எடையும் குறுக்களவும் தெரியட்டும், வெட்டியிருக்கும் பெயரை மறைத்து எடுங்கள். 'பணம் அனுப்ப இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்று எவராவது சொன்னால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.