டி புருய்னேவை எங்கே நிறுத்துவது? ஓரமா, 10-ஆ, 8-ஆ, அடிவாரமா?

கால்பந்தில் கற்பனை வளமுள்ள நடுக்கள வீரர் ஒருவர் கிடைத்துவிட்டால் பயிற்சியாளரின் வேலை பாதி முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. கோலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பந்து அவர் காலுக்குக் குறைவாக வரும். பின்னால் இழுத்தால் பந்து நிறைய வரும், கோல் தூரமாகிவிடும். ஓரத்தில் விட்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும், ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் கோடு.

இதை அலசப் பெல்ஜிய நடுக்கள வீரர் கெவின் டி புருய்னேவை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. வெர்டர் பிரெமன், செல்சி, வொல்ஃப்ஸ்பர்க், மான்செஸ்டர் சிட்டி, நாப்போலி, பெல்ஜியம் என்று அவர் ஆடிய அணிகளில் மைதானத்தின் முன்பாதியில் அவரை நிறுத்திப் பார்க்காத இடமே இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் சாட்சியாக ஆட்டங்கள் இருக்கின்றன. (10 என்பது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்பவர், 8 அவருக்கும் ஒரு படி பின்னால், அடிவாரம் என்றால் டிஃபென்ஸுக்கு நேர் முன்னால்.)

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். பந்து வந்து சேரும்போது அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? சிட்டியில் அவரோடு ஆடிய டேவிட் சில்வா போன்றவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கோலுக்கு முதுகைக் காட்டி நின்றாலும், இரண்டு பேர் நெருக்கினாலும், பந்தை வாங்கும் அதே அசைவில் திரும்பிவிடுவார். டி புருய்னே வேறு ரகம். ஓடிக்கொண்டே, கோலைப் பார்த்தபடி, முன்னால் கொஞ்சம் வெற்றிடத்தோடு பந்தை வாங்கினால் அவரைப் போல இன்னொருவர் இந்தத் தலைமுறையில் இல்லை. நின்ற இடத்தில் முதுகில் ஆள் ஒட்டியிருக்க வாங்கினால் நல்ல வீரர், அவ்வளவுதான். எனவே அந்த முதல் வகைத் தருணத்தை அதிகம் தரும் இடமே அவருக்குச் சரியான இடம்.

ஓரம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2013-ல் பயிற்சியாளர் மொரின்யோவின் செல்சியில் நடுவில் ஆஸ்கர், இடப்பக்கம் ஹசார்ட் இருந்தார்கள். மிச்சமிருந்தது வலது ஓரம். லீக்கின் முதல் ஆட்டத்தில் ஹல் சிட்டிக்கு எதிராக ஆஸ்கரின் கோலுக்குப் பந்து தந்தார். அதற்குப் பிறகு வாய்ப்புகள் வற்றின, 2014 ஜனவரியில் வொல்ஃப்ஸ்பர்க் போய்விட்டார். 2015-ல் சிட்டிக்கு வந்த முதல் சீசனிலும் பெல்லெக்ரினி அவரைப் பலமுறை ஓரத்தில் ஆடவிட்டார்.

அவர் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) அற்புதமானது, அதனால் ஓரம் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் அவருடைய கொடிய கிராஸ்கள் கோட்டை ஒட்டி வருபவை அல்ல. பெனால்டி பாக்ஸின் மூலைக்குச் சற்று வெளியே, உள்பக்கத்திலிருந்து வருபவை. கோட்டோரம் நிற்பவர் முதலில் தன் முன்னால் நிற்கும் ஃபுல்பேக்கை, அதாவது ஓரத் தடுப்பாளரை, தாண்ட வேண்டும். நின்ற நிலையிலிருந்து ஒருவரை ஏமாற்றித் தாண்டுவது அவருடைய பலம் இல்லை. தவிர, எதிரணி ஃபுல்பேக் முன்னேறினால் அவர் பின்னாலேயே ஓட வேண்டும். அவர் காலில் இருக்கும் சக்தியைச் செலவழிக்க அது சரியான வழியே அல்ல.

ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், நம்பர் 10

படைப்பாளி என்றதும் எல்லோரும் கைகாட்டும் இடம் இது. வொல்ஃப்ஸ்பர்க்கில் டீட்டர் ஹெக்கிங் அவரை இங்கே வைத்தார். 2014-15 சீசனில் 10 லீக் கோல்கள், அசிஸ்ட்டில் (கோலுக்கு முந்தைய கடைசிப் பாஸ்) ஜெர்மன் லீக்கான புண்டஸ்லீகாவின் முதலிடம், ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீரர் விருது, டார்ட்முண்டை 3-1 என்று வீழ்த்திய ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியில் ஒரு கோல். குறை சொல்ல என்ன இருக்கிறது?

2015 ஜனவரி 30 அன்று பயர்ன் மியூனிக்கை வொல்ஃப்ஸ்பர்க் 4-1 என்று நொறுக்கிய ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். பாஸ் தோஸ்ட் இரண்டு, டி புருய்னே இரண்டு. அன்று பயர்ன் மேலேறி ஆடியது, பந்தை இழந்ததும் அதன் பின்னால் பரந்த வெளி. டி புருய்னே அந்த வெளிக்குள் கோலைப் பார்த்து ஓடினார். பெயருக்கு அவர் 10. ஆனால் அன்று அவர் எதிரணியின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே முதுகைக் காட்டி நிற்க வேண்டிய தேவையே வரவில்லை. அன்று எதிர் பெஞ்சில் இருந்தவர், பின்னாளில் சிட்டியில் அவருடைய பயிற்சியாளரான குவார்டியோலா என்பது இந்தக் கதையில் முக்கியமான தகவல்.

அதே 10-ஐப் பந்தைக் கையாளும் பெரிய அணியில் வைத்துப் பாருங்கள். எதிரணி பத்துப் பேரும் தங்கள் பாக்ஸைச் சுற்றி இறங்கி நிற்பார்கள். 10 நிற்கும் இடம்தான் மைதானத்திலேயே நெரிசலான இடம். தடுப்பு நடுக்கள வீரர் முதுகில், சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) முன்னால். அங்கே சில்வா மூச்சுவிடுவார், டி புருய்னே திணறுவார். எதிர்த்தாக்குதலில் வாழும் அணிக்கு 10 சரி. எப்போதும் பந்தை வைத்திருக்கும் அணிக்கு அது அவரை வீணாக்கும் இடம்.

டிஃபென்ஸுக்கு முன்னால்

இத்தாலிய நடுக்கள வீரர் பிர்லோவின் கதை இங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2001-ல் பிரெஷியாவில் பாஜ்ஜோ 10-ஆக இருந்ததால் பயிற்சியாளர் மட்சோனே பிர்லோவைப் பின்னால் இழுத்தார், மிலானில் அஞ்செலோட்டி அதையே நிலைநிறுத்தினார், ஒரு சுமாரான 10 உலகின் தலைசிறந்த அடிவார ஆட்டக்காரரானார். அதிலிருந்து 'படைப்பாளியைப் பின்னால் இழு' என்பது ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது.

2018 உலகக் கோப்பையில் பெல்ஜியப் பயிற்சியாளர் ராபர்ட்டோ மார்ட்டினெஸ் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். 3-4-3 அமைப்பு: பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர். முன்னால் ஹசார்ட், லுகாகு, மெர்ட்டன்ஸ் மூவரையும் நுழைக்க வேண்டும். அதனால் டி புருய்னே விட்செலோடு நடுக்களத்தில் இரண்டாவது ஆள். என் அளவுகோல்படி பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது: பின்னால் நின்றால் முகம் எப்போதும் கோலைப் பார்த்துத்தான் இருக்கும். பனாமாவுக்கு எதிராக வெளிக்காலால் வளைத்து லுகாகுவின் தலைக்கு அனுப்பிய பந்து அதற்குச் சாட்சி.

ஆனால் விலை பெரிது. பிர்லோவுக்கு வேண்டியது நேரம். நின்று, நிமிர்ந்து, நாற்பது மீட்டர் பாஸ். அவருக்காக ஓட கட்டூசோ இருந்தார். டி புருய்னேவுக்கு வேண்டியது ஓட்டம். இருவர் மட்டுமே உள்ள நடுக்களத்தில் அவர் ஓடிவிட்டால் பின்னால் விட்செல் தனியாக நிற்பார். ஓடாமல் நின்றால் அவரை இறக்கியதற்கே அர்த்தமில்லை. ஜூலை 2 அன்று ரோஸ்டோவில் ஜப்பான் 2-0 என்று முன்னேறியபோது இந்தப் பலவீனம் வெட்டவெளிச்சமானது. ஃபெல்லாய்னி, ஷாட்லி இறங்கிய பிறகே ஆட்டம் திரும்பியது. கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் குர்துவா உருட்டிவிட்ட பந்தை வாங்கி மைதானத்தின் நடுவே டி புருய்னே ஓடினார், வலப்பக்கம் முனியேவுக்குத் தள்ளினார், லுகாகு விட்டுக்கொடுக்க ஷாட்லி முடித்தார். 3-2. அந்த ஓட்டத்தைப் பார்த்த எவருக்கும், இந்த மனிதரை 90 நிமிடமும் பின்னால் கட்டிப்போட்டிருந்தார்களே என்ற ஆதங்கம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

ஃபால்ஸ் நைன்: ஸ்ட்ரைக்கர் இடத்தில் நடுக்கள வீரர்

மார்ட்டினெஸும் அதை உணர்ந்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் கசானில் பிரேசிலுக்கு எதிராக ஃபெல்லாய்னியும் ஷாட்லியும் ஆரம்பத்திலிருந்தே ஆடினார்கள். லுகாகு வலப்பக்கம் மார்செலோ விட்டுச்செல்லும் வெளியில், ஹசார்ட் இடப்பக்கம், நடுவில் டி புருய்னே. 31-வது நிமிடத்தில் லுகாகு தன் பாதியிலிருந்து பந்தை இழுத்துக்கொண்டு வந்து வலப்பக்கம் தள்ள, டி புருய்னே ஓடிவந்து தூர மூலைக்கு அடித்தார். பெல்ஜியம் 2-1. 2020 பிப்ரவரியில் பெர்னபேவுவில் குவார்டியோலா அவரையும் பெர்னார்டோ சில்வாவையும் முன்னால் வைத்தார். ஜெசுஸின் கோலுக்குக் கிராஸ், பிறகு ஒரு பெனால்டி, ரியல் மாட்ரிட் 1-2.

இரண்டும் ஒரு நாள் வித்தைகள். எதிராளி எதிர்பார்க்காதபோது பலிக்கும். எதிர்பார்த்துத் தயாராக வந்தவர்களுக்கு எதிராக என்ன ஆகும் என்பதை 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி காட்டியது. போர்ட்டோவில் டூகலின் செல்சி மூன்று சென்டர் பேக்குகளோடு நின்றது. டி புருய்னே நடுவில் முன்னால். பந்து வந்த போதெல்லாம் முதுகில் ரூடிகரோ வேறொருவரோ இருந்தார்கள். அதே ரூடிகரோடு மோதி முகத்தில் காயம்பட்டு, 60-வது நிமிடத்தில் கண்ணீரோடு வெளியேறினார். சிட்டி 0-1. என் கணக்கில் ஐந்து இடங்களில் முகத்தைத் திருப்பவே விடாத இடம் இதுதான்.

வலப்பக்க நம்பர் 8

2016-ல் குவார்டியோலா சிட்டிக்கு வந்ததும் செய்த முதல் பெரிய வேலை, இருந்த இரண்டு 10-களையும் ஒரு படி பின்னால் இழுத்தது. இடப்பக்கம் சில்வா, வலப்பக்கம் டி புருய்னே, இருவருக்கும் பின்னால் ஃபெர்னாண்டின்யோ மட்டும். இவ்வளவு மென்மையான நடுக்களம் இங்கிலாந்தில் நிற்காது என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த சீசனில் அந்த நடுக்களம் 100 புள்ளிகளும் 106 கோல்களும் எடுத்தது. டி புருய்னேவுக்கு லீக்கில் 16 அசிஸ்ட்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வலது விங்கர் கோட்டை ஒட்டியே நிற்கிறார். அவரைக் காக்க எதிரணியின் இடது ஃபுல்பேக் வெளியே இழுக்கப்படுகிறார். ஸ்ட்ரைக்கர் சென்டர் பேக்கைத் தன்னோடு கட்டிவைக்கிறார். ஃபுல்பேக்குக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவே ஒரு சந்து திறக்கிறது. 10-ஆக ஏற்கெனவே அந்தச் சந்தில் நின்றால் யாராவது வந்து ஒட்டிக்கொள்வார்கள். 8 பின்னாலிருந்து வருகிறார். யார் பொறுப்பு என்று எதிரணி தீர்மானிப்பதற்குள் அவர் வந்துசேர்ந்திருப்பார், முகம் கோலைப் பார்த்தபடி, ஓட்டத்திலேயே. ஒரே தொடுகையில் கோல்கீப்பருக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே பந்து சீறும். தூரத்தில் ஸ்டெர்லிங் காலை நீட்டினால் போதும்.

எதிரணி அந்தச் சந்தை அடைத்தால்? அப்போது அவர் பத்து மீட்டர் பின்னாலேயே நின்று பந்தை வாங்கலாம், அங்கிருந்தும் முகம் கோலைப் பார்த்துத்தான். 2017 செப்டம்பர் 30 அன்று செல்சியின் மைதானத்தில் ஆட்டத்தின் ஒரே கோலை இடதுகாலால் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தது அப்படி வந்ததுதான். இந்த இடத்தின் அழகே அது: ஒரு கதவை மூடினால் இன்னொன்று தானாகத் திறக்கும். 2019-20-ல் 13 கோல், 20 அசிஸ்ட். அசிஸ்ட்டில் தியெரி ஆன்றியின் 2002-03 சாதனையைச் சமன் செய்தார்.

இதற்கும் விலை உண்டு, ஆனால் அதை அவர் ஒருவர் கட்டவில்லை, அணி பங்குபோட்டுக் கட்டியது. கோட்டை விட்டு நகராத விங்கர் வேண்டும். பந்து போனால் நடுவை அடைக்க ஆள் வேண்டும்; 2017-18 சீசனில் இடது ஃபுல்பேக் மெண்டி காயமடைந்த பிறகு, நடுக்கள வீரரான டெல்ஃபை இடது ஃபுல்பேக்காக வைத்து உள்ளே ஃபெர்னாண்டின்யோவின் பக்கத்தில் நகர்த்தினார் குவார்டியோலா. பெல்ஜியத்திடம் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. அதனால்தான் அதே மனிதர் அங்கே வேறொரு ஆட்டக்காரராகத் தெரிந்தார்.

8-ஆ, 10-ஆ?

கடைசியில் போட்டி இந்த இரண்டுக்கும்தான். 2022-ல் ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் சிட்டிக்கு வந்த பிறகு இந்தக் கேள்விக்கு உயிர் வந்தது. ஸ்டோன்ஸ் டிஃபென்ஸிலிருந்து நடுக்களத்துக்கு ஏறி ரோட்ரியோடு நின்றார். டி புருய்னேவும் குண்டோகனும் இரட்டை 10-களாக முன்னால் போனார்கள். 2023 ஏப்ரல் 26, ஆர்சனலுக்கு எதிரான 4-1. ஸ்டோன்ஸ் நீளமாகத் தூக்கிய பந்தை ஹாலண்ட் உடலால் அடக்கித் தட்டிவிட, டி புருய்னே நடுக்களத்திலிருந்தே ஓடிப்போய் வெளியிலிருந்து மூலையில் செருகினார். அன்று டி புருய்னே அடித்த இரண்டாவது கோலுக்கும் பந்து தந்தவர் ஹாலண்ட்தான். ஹாலண்ட் லீக்கில் 36 கோல் அடித்த அந்தச் சீசனில் டி புருய்னேவுக்கு மறுபடியும் 16 அசிஸ்ட், சிட்டிக்கு மூன்று கோப்பைகள்.

அப்படியானால் 10 வென்றுவிட்டதா? நான் அப்படிப் படிக்கவில்லை. முதுகைக் காட்டி நிற்கும் வேலையை ஹாலண்ட் எடுத்துக்கொண்டார். டி புருய்னேவுக்கு மிஞ்சியது அந்தப் பழைய ஓட்டம், கொஞ்சம் முன்னாலிருந்து. சென்டர் பேக்குகள் இருவரையும் ஒருவரே பிடித்து வைக்கும் ஸ்ட்ரைக்கர் இருந்தால் 10-உம் 8-ஐப் போலவே அவருக்கு வேலை செய்யும். அப்படி ஒருவர் இல்லாத அணியில் யோசிக்கவே தேவையில்லை, வலப்பக்க 8. வயது முப்பதைத் தாண்டிய பிறகு 10-க்கு இன்னொரு சாதகமும் சேர்கிறது: திரும்பி ஓட வேண்டிய தூரம் குறைவு.

2025 கோடையில் நாப்போலிக்குப் போன 34 வயது டி புருய்னேவுக்கு இதனால்தான் 10-ஐயே தேர்ந்தெடுப்பேன், முன்னால் ஹோய்லுண்ட் போல ஆழத்தை நோக்கி ஓடும் ஒருவர் இருக்கும் நிபந்தனையோடு. பயிற்சியாளர் கோன்ட்டே அவரையும் மக்டாமினே, லொபோட்கா, அங்கீசாவையும் ஒன்றாக இறக்கி நான்கு நடுக்கள வீரர்களோடு ஆடினார். அதில் இடங்கள் மாறிக்கொண்டே இருந்ததால் அவர் எங்கே ஆடுகிறார் என்பதே சில ஆட்டங்களில் குழம்பியது. செப்டம்பரில் மான்செஸ்டரில் சக வீரர் டி லொரென்சோ சிவப்பு அட்டை வாங்கியதும் 26-வது நிமிடத்திலேயே அவரை வெளியே எடுத்தார்கள். ஆனால் அக்டோபர் 1 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனை 2-1 என்று வென்றபோது ஹோய்லுண்டின் இரண்டு கோல்களுக்கும் பந்து தந்தவர் அவர்தான்: ஒன்று எதிர்த்தாக்குதலில் பந்தோடு ஓடித் தந்த பாஸ், இன்னொன்று தலைக்கு அனுப்பிய கிராஸ்.